கொல்லைப் பாத்திக்கு மூடாக்கும் ஓரக்கட்டும்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் மாசி, பங்குனி மாதங்களின் விடியற்காலையில் தெருவழியே செல்வோர் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். வேம்பும் புங்கும் உதிர்த்த இலைகள் முற்றத்திலும் கொல்லையிலும் பரந்து கிடக்கும். வீட்டார் அவற்றை ஈர்க்குமாற்றால் ஒரு சருகும் விடாது பெருக்கி, மூலையில் குவித்துத் தீ வைப்பார்கள். சித்திரை பிறந்ததும் அதே வீட்டார், கொல்லையிலுள்ள கத்தரியும் வெண்டையும் வாடுகின்றன என்றும், கிணற்றில் ஜலம் இறங்கிவிட்டது என்றும் முறையிடுவார்கள். இவ்விரண்டு விஷயங்களுக்கும் உள்ள தொடர்பைக் குடியானவர்களில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இம்மரங்கள் இலையுதிர்க்கும் காலம் கடுங்கோடைக்குச் சற்று முந்தியது. நிலத்துக்குப் போர்வை வேண்டிய தருணத்திலேயே போர்வை கைக்கு வருகிறது. அதனைக் கொளுத்திவிட்டுப் பின்னர் வெறுந்தரைக்குக் குடம் குடமாய் ஜலம் இறைப்பது வீண் சிரமமன்றி வேறில்லை. சருகு எரியும்போது அதிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது. எஞ்சும் சாம்பலில் சாம்பற்சத்தும் சுண்ணாம்பும் உண்டு. எனினும் காற்றும் முதல் மழையும் அதனையும் அடித்துச் செல்லும். மண்ணுக்கு மக்காக வேண்டிய பொருளோ முற்றும் நஷ்டமாகிறது.

சருகைப் பாத்தியின்மேல் பரப்பி வைத்தால் விளையும் நன்மை யாதெனில், வெயில் நேரே மண்ணில் படுவதில்லை. கோடை நண்பகலில் காய்ந்த வெறுந்தரையின் மேற்பரப்பு 50 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் சூடேறக்கூடும். மூடாக்கின் கீழ் அவ்வளவு சூடு ஏறாது. காற்று ஈரத்தை உறிஞ்சுவது குறையும். களை முளைப்பது பெரிதும் அடங்கும். மழைத்துளி மண்ணை அறைந்து இறுகச் செய்வதும், சேற்றைத் தெறித்து இலைகளில் நோயைப் பரப்புவதும் குறையும். அடியிலுள்ள சருகு மெல்ல மக்கி எருவாகும். 2016-ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பில் பாதியும் பெய்யாது பொய்த்து, 2017 ஜனவரியில் எல்லா ஜில்லாக்களும் வறட்சியுற்றனவாக அறிவிக்கப்பட்டதைக் குடியானவர்கள் மறந்திரார்கள். அத்தகைய ஆண்டு மீண்டும் வாராது என்று சொல்வார் எவருமில்லை.

இவ்வளவும் பலரும் ஓரளவு அறிந்தனவே. அறிந்தும் செய்யாமைக்குக் காரணம் சோம்பல் என்று சொல்வது பொருந்தாது. உண்மைக் காரணம் சுத்தத்தைப் பற்றிய எண்ணமே. சருகு கிடக்கும் கொல்லை, பொறுப்பற்றவர் வீட்டுக் கொல்லை என்று அயலார் பேசுவர். வைகறையில் எழுந்து பெருக்கும் வீட்டுப் பெண்களுக்கு அச்சொல் பொறுக்கக் கூடியதன்று. சருகைக் கொளுத்தாதே என்று மட்டும் உபதேசிப்பவர்கள் இதனை மறந்துவிடுகிறார்கள். நல்ல வழக்கம் ஒன்றைக் குறைகூறிப் புதிய வழக்கம் ஒன்றை நிலைநாட்ட இயலாது.

இதற்கு மருந்து ஓரக்கட்டே. பாத்தியைச் சுற்றி ஒழுங்காக ஒரு கட்டு அமைத்துவிட்டால், கட்டுக்கு உள்ளே கிடப்பது எரு, வெளியே கிடப்பது குப்பை என்பது யாவருக்கும் விளங்கும். வெளியே முன்போலவே பெருக்கலாம். பெருக்கியதைக் கட்டுக்குள்ளே இடலாம். இப்படிச் செய்யின் முற்றமும் சுத்தமாகும், பாத்தியும் குளிரும். ஓரக்கட்டு அலங்காரத்துக்கென்று கருதிச் செல்வர் வீட்டுக்கே உரியதாக விட்டுவிடுவது தவறு. கட்டில்லாத மூடாக்கை ஆடிக் காற்றும் கோழியும் ஒரு வாரத்தில் முற்றமெங்கும் சிதறிவிடும். சிதறியதை மறுபடி பெருக்கிக் கொளுத்துவதே நடக்கும்.

ஓரக்கட்டுக்குப் பணச்செலவு வேண்டியதில்லை. உடைந்த செங்கல், வயலில் பொறுக்கிய கல், பனந்துண்டு, தேங்காய் உரிமட்டை ஆகிய எதுவும் உதவும். நான்கு அங்குல ஆழம் பள்ளம் பறித்து, செங்கல்லையோ கல்லையோ பாதியளவு புதையுமாறு நிறுத்தி, மண்ணை இறுக மிதித்துவிட வேண்டும். கட்டின் தலை மூடாக்குக்கு மேல் இரண்டு அங்குலமாவது நிற்பது நலம். கோழித் தொல்லை மிகுந்த இடத்தில் சருகின்மேல் முட்கொப்புகளைப் பரப்பலாம். சரிவான இடத்தில் கட்டு சரிவுக்குக் குறுக்காக அமைதல் வேண்டும்; அங்கே வெட்டிவேரோ எலுமிச்சம்புல்லோ நெருக்கி நட்டால் அதன் வேர் மண்ணைப் பற்றிக்கொள்ளும்; அறுத்த புல்லும் மூடாக்குக்கு ஆகும். தாழ்ந்த பக்கத்தில் ஒரு சாண் அகலம் திறப்பு விட்டு, அதில் சல்லிக் கற்களை அடைத்து வைப்பது அவசியம். சிமெண்டால் நாற்புறமும் அடைத்த பாத்தியில் ஐப்பசி, கார்த்திகை மழை ஜலம் தேங்கி, பப்பாளி முதலியவை தூரழுகி மடிவதுண்டு.

மூடாக்கு இடுவதற்கு ஏற்ற காலம், பருவமழை ஓய்ந்து மண்ணில் ஈரம் நிற்கும் மார்கழியும் தையும் ஆகும். அப்போது கிடைக்கும் வைக்கோலையும் காய்ந்த புல்லையும் கொண்டு தொடங்கி, மாசியில் உதிரும் சருகால் நிறைவு செய்யலாம். காய்ந்த மண்ணின்மேல் மூடாக்கு இட்டால், சிறு மழை உள்ளே இறங்காது மேலேயே நின்றுவிடும். ஆகையால் முதலில் களையெடுத்து, நன்றாக நனைத்து, அதன் பின்னரே பரப்ப வேண்டும். 100 சதுர அடிப் பாத்திக்கு 3 அங்குலக் கனம் மூட 25 கன அடிச் சருகு வேண்டும். புதுச் சருகு விரைவில் அமிழ்ந்துவிடுமாதலால், அவ்வப்போது மேலும் இட்டு வருதல் வேண்டும். இளஞ்செடிகளின் தண்டைச் சுற்றி இரண்டு மூன்று அங்குலமும், எலுமிச்சை, மா முதலிய மரங்களின் அடியைச் சுற்றி அரை அடியும் வெறுமையாக விடுதல் அவசியம். ஈரச் சருகு பட்டையை ஒட்டிக் கிடந்தால் அழுகல் பற்றும். தென்னைக்கு, அடிமரத்தைச் சுற்றி 6 அடி ஆரமுள்ள வட்டத்தில் 100 உரிமட்டைகளை மேட்டுப்புறம் மேல்நோக்கக் கவிழ்த்து அடுக்கலாம். அன்றி, காய்ந்த மட்டை 15 பரப்பலாம். நார்க்கழிவு கிடைக்குமிடத்தில் 4 அங்குலக் கனம் அதனையே இடலாம். மரத்தூள், நார்க்கழிவு போன்றவற்றை மக்காத நிலையில் மண்ணோடு கலந்துவிட்டால், அவை மக்கும்போது பயிருக்குரிய தழைச்சத்தைக் கவர்ந்துகொள்ளும். ஆதலால் அவற்றை மேலே பரப்புவதோடு நிறுத்திக்கொள்க.

இம்முறைக்குச் சில ஆட்சேபங்கள் கூறப்படுகின்றன. சருகில் பாம்பும் தேளும் அடையும் என்பது முதலாவது. இந்த அச்சம் காரணமற்றதன்று. வீட்டுச் சுவரை ஒட்டி மூன்றடியும், நடைபாதையில் முழுமையும் வெறுந்தரையாகப் பெருக்கி வைத்து, மூடாக்கில் வெறுங்கையை நுழைக்காது கோலால் கிளறிப் பார்த்தபின் வேலை செய்வது தக்கது. குழந்தைகள் விளையாடுமிடத்தில் மூடாக்கு வேண்டாம். செம்மண் பூமியில் கரையான் மிகும் என்பது இரண்டாவது. அங்கே விறகும் சுள்ளியும் தவிர்த்து, பாதி மக்கிய சருகையே இட்டு, ஈரம் காயாது பார்த்துக்கொள்ள வேண்டும். வேப்பந்தழை கலந்திடுவது நாட்டு வழக்கம். எனினும் அதனை மட்டும் நம்பியிருத்தலாகாது. கோரைக்கு மூடாக்கு அடங்காது என்பது மூன்றாவது. இஃது உண்மையே; கோரைக் கிழங்கை முதலில் தோண்டி எடுத்தே தீர வேண்டும். பார்த்தீனியச் செடியைப் பூத்தபின் பிடுங்கி மூடாக்காக இடுவோர் அடுத்த ஆண்டின் களையைத் தாமே விதைப்பவராவர்.

நகரத்தைப் பார்த்துக் கொல்லையில் சல்லிக்கல் கொட்டுவதும், பிளாஸ்டிக் தாள் விரிப்பதும் இப்போது சில பெரிய வீடுகளில் காணப்படுகின்றன. சொட்டுநீர் அமைத்துச் சந்தைக்குக் காய்கறி விளைவிப்போர்க்குப் பிளாஸ்டிக் தாள் பயன் தரலாம். சருகு இலவசமாகக் கிடைக்கும் வீட்டுக் கொல்லைக்கு அது தேவையன்று. அது மண்ணுக்கு மக்கு எதனையும் தராது. கிழிந்தபின் துண்டு துண்டாய் மண்ணிலேயே கிடக்கும். சல்லிக்கல்லோ வெயிலில் காய்ந்து மாலை வரை சூட்டை வெளிவிடும். காசு கொடுத்து அவற்றை வாங்கிப் பரப்பி, காசின்றி வந்த சருகைக் கொளுத்துவது எவ்வகையிலும் சிக்கனமாகாது.

கிராம அதிகாரிகளுக்கும் ஊராட்சியாருக்கும் இதில் ஒரு பங்குண்டு. பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம், கோயில் நந்தவனம் ஆகிய இடங்களில் சருகு எரிக்கப்படுவதைக் கண்டே ஊரார் அதனை முறையென எண்ணுகிறார்கள். 2016 டிசம்பர் 22-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் குப்பைகளைத் திறந்தவெளியில் எரிப்பதைத் தடைசெய்து, சாதாரணமாக எரிப்போர்க்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்போர்க்கு 25,000 ரூபாயும் விதிக்குமாறு ஆணையிட்டது. ஆணை தக்கதே. ஆயினும் சருகைக் கொண்டுபோய்ச் சேர்க்க இடம் காட்டாமல் அபராதத்தை மட்டும் காட்டினால், பகலில் எரிப்பவர் இரவில் எரிப்பார். பொதுக் கட்டடம் ஒவ்வொன்றிலும் ஓரக்கட்டுடைய ஒரு பாத்தியும், மிஞ்சிய சருகுக்கு ஓர் எருக்குழியும் இருக்குமாயின், அபராதத்துக்கு வேலை மிகுதியாக இராது. சர் ஆல்பர்ட் ஹவார்டு இந்தூரில் செய்த சோதனைகளைக் கொண்டு 1931-ல் வெளியிட்ட நூலில் விளக்கியதும், பண்ணையின் கழிவு என்று தள்ளப்படும் பொருளே அடுத்த பயிரின் எரு என்பதுதான்.

பெருநிலக்காரர் வீட்டுக் கொல்லையை ஊரார் உற்றுநோக்குவது இயல்பு. ஆதலால் மாறுதல் அங்கே தொடங்குவது தகுதி. ஐயமுள்ளவர்கள் கொல்லை முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. அருகருகே சம அளவான இரண்டு பாத்திகளில் ஒரே நாளில் ஒரே செடியை நட்டு, ஒன்றுக்குக் கட்டும் மூடாக்கும் அமைத்து, மற்றதை வெறுமையாக விடலாம். பங்குனியில் இரண்டுக்கும் சமமாக ஜலம் விட்டு, நான்காம் நாள் விரலை மண்ணில் அழுத்திப் பார்த்தால், எந்தப் பாத்தியில் ஈரம் நிற்கிறது என்பது தானே விளங்கும். அவ்வாறு பார்த்தபின், தீக்குச்சியை எடுக்கும் கை சற்றே தயங்குமென்று நம்ப இடமுண்டு.