பி பக்கத்தின் கடைசிப் பாட்டு



1989இல் தூத்துக்குடியில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்து, இளையராஜா பாடல்களை ஒரு கேசட்டில் பதிந்து வாங்கினேன். கேட்ட பாட்டெல்லாம் முடிந்த பிறகும் பி பக்கத்தில் இரண்டு நிமிட நாடா மிச்சம் இருந்திருக்கிறது. கடைக்காரருக்கு நாடாவைச் சும்மா விட மனசு வராது. கைக்குக் கிடைத்த ஏதோ ஒன்றைப் போட்டு நிரப்பிவிட்டார். அது ஓர் ஆங்கிலப் பாட்டு. பெண் குரல். பின்னால் கொலுசு மாதிரி கிணுகிணுக்கும் கிடார். தாளம் ஒரு எட்டு முன்னால் ஓட, குரல் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னாலேயே வரும். முடிவதற்குள் நாடா தீர்ந்துவிடும். யார் பாட்டு என்று கேட்கப் போனேன். “கப்பலுக்குப் போற தம்பி ஒருத்தன் குடுத்த கேசட்டுல இருந்துச்சு. பேரெல்லாம் யாரு கண்டா?” என்றார்.

போன கோடையில் பரண் சுத்தம் செய்தபோது அந்த கேசட் அகப்பட்டது. நம் அலுவலகத்தில் பக்கம் வடிவமைக்கும் தம்பியிடம் கொடுத்தேன். பாட்டைக் கேட்ட நொடியில் பெயர் சொல்லும் ஆப் அவன் கைபேசியில் இருக்கிறது. மூன்று முறை கேட்டுவிட்டுக் கையை விரித்தது. “சார், ஆப்புக்கே தெரியல. ஆனா கிடாரைக் கேட்டா இண்டிபாப் மாதிரி இருக்கு” என்றான். அந்தச் சொல்லே எனக்குப் புதிது. அன்று தொடங்கிய தேடல்தான் இந்த மாத ஆசிரியர் பக்கம். சென்ற இதழ் மூன்று நாள் தாமதமானதற்கும் அதுவே காரணம். மன்னியுங்கள்.

பிரிட்டனில் 1970களின் கடைசியில் பங்க் இசை அலை அடித்து ஓய்ந்தபோது, ஒரு விஷயம் இளைஞர்களுக்குப் புரிந்துபோயிருந்தது. பாட்டுப் போடப் பெரிய கம்பெனி தேவையில்லை. கொஞ்சம் பணம் சேர்த்தால் ஏழங்குல இசைத்தட்டில் ஐந்நூறோ ஆயிரமோ பிரதி போடலாம். உறையை வீட்டுத் தரையில் உட்கார்ந்து மடித்து, பிளாஸ்டிக் பையில் செருகி, அஞ்சலில் அனுப்பலாம். அறுபதுகளின் இனிமையான மெட்டை எடுத்துக்கொண்டு அதை பங்க் பாடகனின் அவசரத்தோடு வாசித்தார்கள். இண்டிபாப் என்பது ஏறத்தாழ அதுதான். நியூசிலாந்து வரைக்கும் அது பரவியது. டனீடின் ஊரின் தி கிளீன் குழு 1981இல் ‘டாலி ஹோ’ என்ற பாட்டைப் பதிவு செய்ய ஆன செலவு சில பத்து டாலர்தான். அதை வெளியிட்டது கிறைஸ்ட்சர்ச்சில் அப்போதுதான் முளைத்திருந்த ஃபிளையிங் நன் என்ற இசை லேபிள். பாட்டு அந்நாட்டுத் தரவரிசையில் 19ஆம் இடம் வரை போய்விட்டது. இப்போது கேட்டாலும் ஆர்கன் ஒலி தகரக் கூரையில் மழை விழுவதுபோல்தான் இருக்கிறது.

எங்கள் பாட்டு 1989க்கு முந்தையது, பெண் குரல். இந்த இரண்டு தடயங்களை வைத்துக்கொண்டு முதலில் ‘சி86’இல் தேடினோம். பிரிட்டனின் என்எம்இ இசை வார இதழ் 1986இல் 22 குழுக்களின் பாட்டைத் தொகுத்து, அஞ்சலில் வரவழைக்கும்படி வெளியிட்ட கேசட் அது. அதில் இல்லை. பிறகு கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மூன்று பெண்களின் டாலி மிக்ஸர். இவர்கள் கதை விசித்திரமானது. 1982இல் கேப்டன் சென்சிபிள் பாடிய ‘ஹாப்பி டாக்’ பிரிட்டனில் முதலிடம் பிடித்தபோது, அவருக்குப் பின்னணிக் குரல் கொடுத்தவர்கள் இவர்கள்தாம். நாடே கேட்ட அந்தக் குரல்களின் சொந்தப் பாடல்களை எந்த நிறுவனமும் ஆல்பமாகப் போடவில்லை. வெறும் வெள்ளை உறையில், ஆயிரமே பிரதிகள், ஒவ்வொன்றிலும் எண் இட்டு, கையொப்பம் இட்டு, தாங்களே ஓர் இரட்டை ஆல்பம் வெளியிட்டார்கள். அதிலும் எங்கள் பாட்டு இல்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்து ஆக்ஸ்ஃபோர்டின் டலூலா கோஷ். இதுதான் என்று தம்பி ஒரு பிரியாணி பந்தயமே கட்டினான். 1986 முதல் 1988 வரை இரண்டே ஆண்டு வாழ்ந்த குழு. அதில் பாடிய அமீலியா ஃபிளெட்சர் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்று, பிரிட்டனின் வணிகப் போட்டிகளைக் கண்காணித்த அரசு அமைப்பின் தலைமைப் பொருளாதார நிபுணராக இருந்தவர், பிறகு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனவர். ஏகபோகக் கம்பெனிகளை ஆராய்ந்துகொண்டே வார இறுதிகளில் மேடையில் பாடியவர். அவருடைய அடுத்த குழுவான ஹெவன்லி 2023இல் மறுபடி மேடை ஏறியது. பாட்டு அவருடையது இல்லை. பிரியாணி எனக்குக் கிடைத்தது.

ஹெவன்லியின் வழியாகத்தான் அவர்கள் வட்டுகளை வெளியிட்ட சாரா ரெக்கார்ட்ஸுக்குள் நுழைந்தேன். இங்கேதான் வந்த வேலையை மறந்தேன்.

பிரிஸ்டலில் கிளேர் வாட், மாட் ஹேன்ஸ் என்ற இருவர் 1987இல் தொடங்கிய லேபிள். இருவருமே அதற்கு முன் ஃபேன்சைன் நடத்தியவர்கள், அதாவது தாங்களே தட்டச்சு செய்து, நகலெடுத்து, தைத்து விற்கும் இதழ். சிற்றிதழ்க்காரர்கள் என்று சொன்னால் நமக்குச் சட்டென்று விளங்கும். மூட்டை கட்டித் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய்ப் புத்தகம் விற்ற சி.சு. செல்லப்பா எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தார். இவர்களிடமும் அதே பிடிவாதம். சிங்கிளாக, அதாவது தனி வட்டாக, வந்த பாட்டை ஆல்பத்தில் மறுபடி சேர்த்து, ஒரே ஆளிடம் இரண்டு முறை காசு வாங்குவது இவர்களுக்கு ஆகாது. எல்லாவற்றுக்கும் வரிசை எண் உண்டு, அந்த எண்ணுக்குள் என்ன இருக்கும் என்று மட்டும் சொல்ல முடியாது. 50ஆம் எண்ணைத் தேடிப் போனால் பாட்டுக்குப் பதில் மோனோபொலி மாதிரி ஒரு பலகை விளையாட்டு! சில எண்களில் ஃபேன்சைன். வட்டுகளோடு அஞ்சலட்டைகளும் போஸ்டர்களும் வரும். பிரிஸ்டல் வட்டாரத்தின் இடப் பெயர்களையே தொகுப்புகளுக்குச் சூட்டினார்கள். லேபிளை மாட் ஒருவரே நடத்துவதுபோல அந்தக் காலப் பத்திரிகைகள் எழுதின. சரிபாதி உழைத்த கிளேருக்கு அது எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும்!

முதல் எண் தி ஸீ அர்ச்சின்ஸின் ‘ப்ரிஸ்டீன் கிறிஸ்டீன்’. வெஸ்ட் ப்ராம்விச் குழு. அந்த ஏழங்குல வட்டு பிற்காலத்தில் நூறு பவுண்டுக்கு மேல் விலை போயிருக்கிறது. 12ஆம் எண் ஃபீல்ட் மைஸ் குழுவின் ‘எம்மாஸ் ஹவுஸ்’. ஒரு மழை நாளில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து இதைக் கேளுங்கள், வேறொன்றும் சொல்ல மாட்டேன். 100ஆம் எண்ணை எட்டியதும் 1995 ஆகஸ்டில் இசை இதழ்களில் விளம்பரம் கொடுத்து, ஒரு கப்பலில் விருந்து வைத்து, லேபிளை மூடிவிட்டார்கள். நஷ்டத்தால் மூடிய கடை இல்லை. நூறு என்பது அழகான எண், அவ்வளவே. ஒவ்வொரு இதழின் கடைசிப் பக்கத்தையும் முடிக்கும்போது இந்த இருவர் மீது எனக்கு ஒரு பொறாமை வருகிறது.

தேடும் வழி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பலருக்குப் பயன்படும். உறையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் நன்றி சொல்லியிருப்பார்கள் பாருங்கள், அங்கே தொடங்குங்கள். ஒரு குழு நன்றி சொல்லும் பெயரில் இன்னொரு குழு ஒளிந்திருக்கும், அவர்கள் நன்றி சொல்லும் பெயரில் இன்னொன்று. அடுத்தது தொகுப்புகள். பெர்லினின் ஃபயர்ஸ்டேஷன் ரெக்கார்ட்ஸ், எண்பதுகளில் ஓரிரு சிங்கிள் போட்டுக் காணாமல்போன பிரிட்டிஷ் குழுக்களைத் தேடிப் பிடித்து ‘தி சவுண்ட் ஆஃப் லீமிங்டன் ஸ்பா’ என்று ஒரு வரிசையே கொண்டுவந்திருக்கிறது. மயாமியில் பிறந்த கிளவுட்பெரி ரெக்கார்ட்ஸ் புதிய குழுக்களுக்கு மூன்றங்குலச் சிறு குறுந்தகடுகளை நூறு நூறு பிரதிகளாகப் போட்டது. ஜப்பானின் ஃபிளிப்பர்ஸ் கிடார் தன் முதல் ஆல்பத்துக்கு 1989இல் வைத்த பெயரே ஸ்காட்லாந்தின் ஆரஞ்சு ஜூஸ் குழுவுடைய ஒரு பாட்டின் தலைப்பு. பிறந்த ஊர் மறந்துவிட்ட பாட்டைக் கடல் தாண்டி யாரோ ஒருவர் பத்திரமாக வைத்திருக்கிறார். தூத்துக்குடிக் கடைக்காரர் உட்பட.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கிடைக்காதது என்பதாலேயே ஒரு வட்டு நல்லது ஆகிவிடாது. என் கணக்கில் பத்துக்கு ஆறு சுமார், இரண்டு சகிக்காது. சுருதி சேராத கிடார், கிணற்றுக்குள்ளிருந்து வரும் குரல், பள்ளிக்கூடக் காதல் கவிதை. நூறு பிரதி மட்டும் போட்டது கேட்பவர்களுக்குச் செய்த உபகாரம் என்று தோன்றும் வட்டுகளும் உண்டு. மீதி இரண்டுக்காகத்தான் ராத்திரி தூக்கம் கெடுகிறது.

அபூர்வமாக ஒன்று வெளிச்சத்துக்கும் வரும். 1996இல் கிளாஸ்கோவில் ஸ்டோ கல்லூரியின் இசைத் தொழில் மாணவர்கள் பாடத்தின் ஒரு பகுதியாக ஆயிரம் பிரதி போட்ட ‘டைகர்மில்க்’, பெல் அண்ட் செபாஸ்டியன் குழுவை உலகுக்குக் காட்டியது. ரசிகர்கள் அந்த ஆயிரத்தைத் தேடி அலைந்த பிறகு, 1999இல் மறுபடி வெளியிட்டார்கள்.

இங்கிலாந்தின் டார்பிஷரில் ஒரு பழைய ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. 2007 முதல் 2019 வரை கோடைதோறும் அங்கே இண்டிட்ராக்ஸ் என்ற திருவிழா நடந்தது. நீராவி ரயில் ஓடிக்கொண்டிருக்க, பெட்டிக்குள் ஒரு குழு பாடும். ஒரு சின்னத் தகரத் தேவாலயத்தில் இன்னொரு குழு. பழைய இன்ஜினைத் துடைத்து ஓட வைப்பவர்களும் பழைய வட்டைத் துடைத்துச் சுழல வைப்பவர்களும் ஒரே இடத்தில் கூடினால் பேச்சு எப்படி இருந்திருக்கும்! போய்ப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

இந்த இதழ் அச்சுக்குப் போகும் இரவு. மணி ஒன்றரை. தம்பி ஹெட்ஃபோனைக் கழற்றி நீட்டினான். “சார், இதைக் கேளுங்க.” கேட்டேன். அது இல்லை. ஆனால் நன்றாக இருந்தது, இன்னொரு தடவை போடச் சொன்னேன்.

1989க்கு முன் தூத்துக்குடியிலிருந்து கப்பலுக்குப் போன வாசகர் யாராவது இருந்தால், உங்கள் பழைய கேசட் பெட்டியை ஒருமுறை கிளறிப் பாருங்கள். குழுவின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பாட்டு எப்படி முடிகிறது என்று மட்டும் ஒரு கார்டு எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்