காவேரி எக்ஸ்பிரஸ்

நம் மைசூர் அக்ரஹாரத்துப் பெரியவர்களிடம் சென்னைப் பிரயாணத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பெங்களூரில் வண்டி மாறிய கதையைத்தான் அவர்கள் முதலில் சொல்வார்கள். டிரங்குப் பெட்டியும் கூஜாவும் ஒரு கையில், குழந்தைகள் மறு கையில். ஒரு வண்டியை விட்டு இறங்கி மற்றொன்றைத் தேடி ஓடவேண்டும்.

இதற்குக் காரணம் தண்டவாளத்தின் அகலமே. சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வழியாக வந்த அகலப் பாதை 1864-ஆம் ஆண்டிலேயே பெங்களூரை எட்டிவிட்டது. பெங்களூரிலிருந்து மைசூர் அரசு அமைத்து, 1882-இல் நம் நகரை அடைந்ததோ மீட்டர் பாதை. அப்பொழுது இங்கே திவானாக இருந்தவர், செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்த ரங்காசார்லு. 138 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1993-இல் அகலப் பாதையாயிற்று. அதன் பின்னரே, சென்னையில் ஏறியவர் வண்டி மாறாமல் மைசூரில் வந்து இறங்குவது கைகூடிற்று.

காவேரி எக்ஸ்பிரஸ் என்னும் பெயரில் ஒரு விசேஷம் உண்டு. இரவில் சென்னையை விட்டுப் புறப்படும் இவ்வண்டி காட்பாடி, ஜோலார்பேட்டை, பங்காருபேட்டை, பெங்களூர் வழியாகச் சுமார் 500 கிலோமீட்டர் ஓடுகிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் ஓரிடத்திலேனும் அது காவேரியைக் காண்பதில்லை. பிரயாணம் முடியும் தறுவாயில், ஸ்ரீரங்கப்பட்டணத்தில்தான் நதியின் இரு கிளைகளையும் கடக்கிறது. அங்கே இரட்டைப் பாதை அமைப்பதற்காக, திப்பு சுல்தான் காலத்து ஆயுதக் கிடங்கு ஒன்றை இடித்துவிடாமல், 2017-இல் முழுமையாகவே நகர்த்தி வைத்தனர்.

இந்நதியின் பெயரால் துயரமும் நேர்ந்தது. 1991 டிசம்பரில், காவேரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையையொட்டிக் கலவரம் மூண்டபோது, தமிழ்க் குடும்பங்கள் பல இம்மாநிலத்தை விட்டு வெளியேறின. நம் தெருவைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் மட்டும் போகவில்லை. அடுத்த வீட்டுக் கன்னட மூதாட்டி அவரையும் குழந்தைகளையும் நான்கு இரவுகள் தம் இல்லத்தில் வைத்துக் காத்தார்.

சில ஆண்டுகள் கழித்து, அவ்விருவரும் காவேரி எக்ஸ்பிரஸில் ஒன்றாகச் சென்னைக்குச் சென்றனர். கடலையே கண்டிராத மூதாட்டிக்குக் கடலைக் காட்டவேண்டும் என்பது அம்மையாரின் ஆசை. "திரும்பி வருகையில், பாலம் நெருங்கியதும் பாட்டி என்னைத் தட்டி எழுப்பி, 'ஏளம்மா, காவேரி!' என்றார். இருவரும் ஆளுக்கொரு காசை ஆற்றில் போட்டுக் கும்பிட்டோம்" என்று அவர் சொல்லும்போது இன்றும் குரல் தழுதழுக்கிறது.

2022 நவம்பரில் வந்தே பாரத் ரயிலும் வந்துவிட்டது. ஆறரை மணி நேரத்தில் பிரயாணம் முடிந்துவிடும் என்பது சௌகரியந்தான். ஆயினும் அடுத்த விடுமுறையில், குழந்தைகளை ஒருமுறையேனும் காவேரி எக்ஸ்பிரஸில் அழைத்து வாருங்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர்களை எழுப்பிவிடுங்கள். இந்த ஆறு யாருடையது என்று அவர்கள் கேட்டால், இவ்விரு பெண்மணிகளின் கதையைச் சொல்லுங்கள்.