வாங்கில் பக்கத்தில் இருப்பவர் யார்?

ஞாயிறு வழிபாடு முடிந்து பத்து நிமிடத்திற்குள் ஆலய வளவு வெறிச்சோடிப் போவதைக் கவனித்திருப்பீர்கள். மத்தியானச் சமையல், பிள்ளைகளின் ரியூஷன், வெளிநாட்டிலிருந்து மகன் எடுக்கும் தொலைபேசி அழைப்பு என்று ஆளுக்கொரு அவசரம். வருடக்கணக்காக ஒரே வாங்கில் இருந்து ஒரே பாட்டைப் பாடியவர்கள், ஒரு கைகூப்புதலோடும் ஒரு புன்சிரிப்போடும் பிரிந்து போகிறோம். பக்கத்தில் இருந்தவரின் பெயர் என்ன, எந்த ஒழுங்கையில் இருக்கிறார், வீட்டில் யார் யார் என்று கேட்டால் எம்மில் பலருக்குப் பதில் தெரியாது. இம்மாதம் அதைப் பற்றிப் பேசுவோம்.

ஊரில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஆலயத்தில் காண்பவரைத்தான் கிணற்றடியிலும் சந்தையிலும் காண்போம். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் காண்போம். அங்கே உறவு முதலில், ஆலயம் பிறகு. கொழும்பில் இது தலைகீழ். 1983க்குப் பின்னரும், 1995இன் பெரும் இடப்பெயர்வுக்குப் பின்னரும் வடக்கிலிருந்து வந்தவர்கள், மட்டக்களப்பிலிருந்து வந்தவர்கள், மலையகத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள், தலைமுறைகளாகக் கொட்டாஞ்சேனையிலேயே வாழ்பவர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் கூடுகிறோம். வெள்ளவத்தையின் தொடர்மாடிகளில் எதிர்க் கதவுக்காரரையே தெரியாத வாழ்க்கை. கூரை ஒன்றானால் மட்டும் உறவு வந்துவிடுமா? அதற்கென்று நாம் நேரம் ஒதுக்கிக் கூடவேண்டியிருக்கிறது. மாதர் சங்க ஒன்றுகூடல், போயா விடுமுறைச் சுற்றுலா, நத்தார்க் கால கரோல் பவனி, யாத்திரை ஆகியவற்றைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியாதது இதனாலேயே.

பெண்கள் இப்படிக் கூடுவது புதிய விடயமல்ல. இங்கிலாந்தில் ஓல்ட் அல்றெஸ்போர்ட் என்ற சிற்றூரில் குருவானவர் ஒருவரின் மனைவி மேரி சம்னர். பேத்தியோ பேரனோ பிறந்த மகிழ்ச்சியில், தாம் இளந்தாயாகத் தனித்துத் தவித்ததை எண்ணி, 1876ஆம் ஆண்டில் ஊர்த் தாய்மாரைத் தம் வீட்டிற்கு அழைத்தார். சீமாட்டிகளும் வந்தார்கள், கூலிக்கு உழைக்கும் பெண்களும் வந்தார்கள். அத்தனை பேரையும் கண்டதும் மேரிக்கு நாக்கு எழவில்லை. அடுத்த கிழமை வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த கிழமையும் அவர்கள் வந்தார்கள். அன்று அவர் பேசினார். இன்று உலகின் பல நாடுகளிலும் இலங்கை அங்கிலிக்கன் திருச்சபையிலும் இயங்கும் தாய்மார் சங்கத்தின் தொடக்கம் இதுதான். அந்தப் பெண்களை இரண்டாம் முறை வரவைத்தது பேச்சு அல்ல, ஏனெனில் முதல்நாள் பேச்சே நடக்கவில்லை. தம்மையும் ஒருவர் மதித்து வீட்டிற்கு அழைத்தார் என்பதுதான் அவர்களை மறுபடி அழைத்து வந்திருக்க வேண்டும்.

எமது நாட்டில் இதற்கு ஈடான பள்ளிக்கூடம் யாத்திரை. மடுத்திருப்பதியின் தொடக்கமே ஒரு கூட்டுப் பயணம் அல்லவா? ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் தஞ்சம் புகுந்த குடும்பங்களின் வழி வந்தது அது என்பது மரபு. போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அங்கே அகதிகளாகத் தங்கினர். 2008 ஏப்ரலில் சுரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, அவ்வாண்டு ஆகஸ்டில் திரும்பி வந்தது. இன்று ஆகஸ்ட் 15 திருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவரும் இலட்சக்கணக்கில் கூடுகின்றனர். மார்ச்சிலும் ஆகஸ்டிலும் திருவிழாக் காணும் கற்பிட்டிப் பக்கத்துத் தலவில் புனித அன்னம்மாள் ஆலயமும் அப்படியே.

அங்கே போய் நாட்கணக்கில் தங்கியவர்களுக்குத் தெரியும், மரநிழலில் மூன்று கல் அடுப்பு மூட்டினால் என்ன நடக்கிறதென்று. ஒருவர் வெங்காயம் உரிப்பார், ஒருவர் தேங்காய் துருவுவார், ஒருவர் தண்ணீர் வரிசையில் நிற்பார். உப்பு மறந்து வந்தவர் பக்கத்துக் கூடாரத்தில் கேட்பார்; மொழி தெரியாவிட்டாலும் உப்பு வந்து சேரும். ஆலயத்தில் நாம் எல்லோரும் பீடத்தைப் பார்த்து இருப்பதால் முன்னால் இருப்பவரின் பின்தலையைத்தான் காண்கிறோம். அடுப்படியில்தான் முகத்தைக் காண்கிறோம். கைகள் வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். நேரே கேட்டால் சொல்லாத துக்கத்தை வெங்காயம் உரித்துக்கொண்டு சொல்லிவிடுகிறவர்கள் பெண்கள்.

இதை ஹோட்டல் மண்டபம் எடுத்து நடத்தும் ஒன்றுகூடலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேசைக்கு ஒரு குடும்பம், மேடையில் ஒரு பேச்சு, புபே சாப்பாடு, ஒரு குழுப்படம். வந்தவர் வந்தபடியே வீடு திரும்புவார். வேலை பகிரப்படாத இடத்தில் நட்பு முளைப்பது அரிது.

நட்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு நாளை நினைவூட்ட வேண்டும். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள் எனக் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சீயோனில் ஓய்வுநாள் பாடசாலை முடிந்து வெளியே நின்ற சிறுவர்கள் பலர் பலியாயினர். அடுத்த ஞாயிறு ஆலயங்களில் திருப்பலி இல்லை. பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை ஒப்புக்கொடுத்த திருப்பலியை வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் கண்டோம். கொச்சிக்கடை ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது ஜூன் 12ஆம் திகதி, அந்தோனியார் திருநாளுக்கு முதல் நாள்.

அப்படியொரு நாளில் எழும் முதற் கேள்வி, "என் வாங்கில் இருப்பவர் எங்கே?" என்பதே. பெயர் தெரியாத ஒருவரை எந்த ஆஸ்பத்திரியில் போய்த் தேடுவது? வீடு தெரியாத ஒருவரின் பிள்ளைகளுக்கு யார் சோறு கொடுப்பது? 2020இல் கொரோனா வந்து ஆலயக் கதவுகள் மூடப்பட்டபோதும் இதே கேள்வி எழுந்தது. மருந்து வாங்க ஆளில்லாத தனி முதியவரை, அவரது தொலைபேசி இலக்கம் வைத்திருந்தவரால்தான் விசாரிக்க முடிந்தது. 2022இல் எரிபொருள் வரிசையும் விலையேற்றமும் சுற்றுலாக்களைப் பல இடங்களில் நிறுத்தின. பல சங்கங்களில் விட்டுப்போன வழக்கம் விட்டபடியே கிடக்கிறது. அதை மீண்டும் தொடங்கும்போது ஒன்றைச் சிந்திக்க வேண்டும்: பழைய சுற்றுலாக்களுக்கு யார் வரவில்லை?

பஸ் நிறைந்துவிட்டது என்று மகிழ்கிறோம். ஆனால் காசு கட்ட முடியாமல் "அன்றைக்கு வேலை இருக்கிறது" என்று சொன்னவர் உண்டு. படுக்கையில் கிடக்கும் மாமியை விட்டு வர முடியாதவர் உண்டு. கணவனை இழந்தவர், சோடி சோடியாகச் சிரிப்பவர்களின் நடுவே தனித்திருக்க விரும்பாமல் நின்றுவிடுவார். வீட்டு வேலைக்கென்று மலையகத்திலிருந்து வந்து கடைசி வாங்கில் இருக்கும் பெண்ணிடம் யாரும் கேட்பதே இல்லை. கேட்டாலும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் பாத்திரம் கழுவவும் கூட்டிப்போகிறோம். ஒரே ஊர்க்காரர் ஒரே பக்கத்தில் இருந்து தமக்குள்ளேயே பேசித் திரும்புவதும் நடக்கிறது. ஊர், சாதி, வசதி ஆகியவற்றை ஆலய வாசலில் கழற்றி வைத்ததாகச் சொல்கிறோம். பஸ்ஸில் ஏறும்போது அவையும் கூடவே ஏறிவிடுகின்றன. ஒன்றுகூடல் ஒருவரை ஒதுக்கினால், அவர் வீட்டில் இருந்ததைவிட அதிகமாகத் தனித்துப் போவார்.

ஆகவே சங்கப் பொறுப்பில் இருக்கும் சகோதரிகளுக்குச் சில யோசனைகள்:

பணத்தை மூன்று மாதத்துக்கு முன்பே சிறுகச் சிறுகச் சேருங்கள். மூடிய உறையில் இயன்றதைப் போடும்படி விடுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்பதைப் பொருளாளர் ஒருவர் அறிந்தால் போதும். பட்டியல் வாசிக்க வேண்டாம்.

போகும்போது விரும்பியவரோடு இருக்கட்டும். திரும்பும்போது சீட்டுக் குலுக்கி ஆசனம் பிரியுங்கள். இரண்டு மணி நேரம் அருகே இருந்தால் இருவர் பேசாமல் இருப்பது கடினம்.

சமையலையும் கழுவுதலையும் எல்லோருக்கும் பங்கிடுங்கள். வீட்டுக்காரம்மாவும் வேலைக்கு வந்த பெண்ணும் ஒரே குழுவில் பாத்திரம் கழுவட்டும். ஆண்களுக்கும் ஒரு பங்கு வையுங்கள். தேங்காய் துருவுவதால் யாருக்கும் மரியாதை குறையாது.

நோயாளியைப் பார்ப்பவர் வரவேண்டுமானால், வராதவர் ஒருவர் அன்று அந்த வீட்டில் இருக்கட்டும். அவரும் அந்தப் பயணத்தின் பங்காளிதான்.

தூரப் பயணம் இயலாவிட்டால் வெள்ளவத்தைக் கடற்கரையில் ஒரு மாலை போதும். ஒரு சரை கச்சான், ஒரு போத்தல் தேநீர், விரிக்க ஒரு பாய். மலசலகூட வசதி அருகில் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பாருங்கள். முதியோரும் கர்ப்பிணிகளும் வராமல் நின்றுவிடுவதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம்.

கடைசியாக ஒன்று. வீடு வந்து படங்களை வட்ஸ்அப்பில் போடுவதோடு சுற்றுலா முடிந்துவிடக் கூடாது. பக்கத்தில் இருந்து வந்தவரின் இலக்கத்தை எழுதி வையுங்கள். பத்து நாளுக்குள் ஒருமுறை எடுத்து, "எப்படி அக்கா சுகம்?" என்று கேளுங்கள். சுற்றுலாவுக்குச் செலவான காசுக்கு உண்மையான பலன் அந்த அழைப்பில்தான் இருக்கிறது.

வரும் ஞாயிறு, இறுதிப் பாட்டு முடிந்ததும் உடனே கைப்பையை எடுக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பி அவர் பெயரைக் கேளுங்கள். சோறு பத்து நிமிடம் பிந்தி வேகட்டும்.