கார் செய்யும் ஊரில் கொக்குக்குக் கணக்கு!

ஸ்ரீபெரும்புதூர் என்றால் முன்பு ராமானுஜர் நினைவுக்கு வருவார். இன்று மோட்டார் காரும் சேர்ந்து நினைவுக்கு வருகிறது. இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை கார், லாரி, மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள். இரவும் பகலும் போக்குவரத்து.

இவற்றின் நடுவே ஏரிகளும் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, சற்றுத் தள்ளி செம்பரம்பாக்கம் ஏரி. மழைக்காலம் முடிந்ததும் அங்கே கொக்கு வரும், நாரை வரும், தாழைக்கோழி வரும். அவை எத்தனை?

இப்படிக் கேட்கவும் ஆட்கள் இருக்கிறார்கள்!

பொங்கலில் ஒரு வேலை

தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015-ம் ஆண்டு முதல் பொங்கல் நாட்களில் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். இதற்குப் பட்டம் வேண்டாம். ஓர் இடத்தில் 15 நிமிடமாவது நிற்க வேண்டும். என்ன பறவை, எத்தனை என்று எழுத வேண்டும். பிறகு அதை 'இ-பேர்ட்' என்ற கணினிப் பேரேட்டில் பதிய வேண்டும். பெயர் தெரியாத பறவையைத் தெரிந்ததுபோல எழுதக் கூடாது. அபூர்வப் பறவையைக் கண்டதாக எழுதினால், அனுபவசாலிகள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள்.

இந்தப் பழக்கம் அமெரிக்காவில் பிறந்தது. அங்கே கிறிஸ்துமஸ் அன்று பறவைகளைச் சுட்டுப் போட்டி நடத்துவார்கள். "சுட வேண்டாம், எண்ணுவோம்" என்று 1900-ம் ஆண்டு 27 பேர் கிளம்பினார்கள். இன்றும் அது நடக்கிறது.

எண்ணி என்ன லாபம்?

2023-ல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஓர் அறிக்கை வந்தது. 30,000-க்கும் அதிகமானோர் எழுதிய குறிப்புகளே அதற்கு ஆதாரம். நீண்ட காலப் போக்கைக் கணிக்க முடிந்தவை 338 இனங்கள். அவற்றில் 204 இனங்கள் குறைந்துவிட்டன! சாதாரண மக்கள் எழுதி வைக்காவிட்டால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

வேடந்தாங்கல் சொல்வது

கும்பினி ஆட்சியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேடந்தாங்கல் பறவைகளைச் சுட்டார்கள். ஊர் மக்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டு, 1798-ல் தடை உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் நெல்லுக்கு நல்ல உரம். அது அவர்களுக்குத் தெரியும்.

அந்த ஏரியின் பரப்பு சுமார் 75 ஏக்கர்தான். ஆயிரக்கணக்கான பறவைகள் அங்கே கூடு கட்டுகின்றன. குஞ்சுகளுக்கு அந்த ஏரி மீன் மட்டும் போதுமா? போதாது. தாய்ப்பறவைகள் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும் பறந்து இரை தேடுகின்றன. வேடந்தாங்கலுக்கு மட்டும் வேலி போட்டால், வீட்டைக் காத்து அடுப்படியை இடித்த கதைதான்.

பெயர் இல்லாத ஏரிகள்

சரணாலயத்துக்குப் பலகை உண்டு, காவலர் உண்டு. தொழிற்சாலைப் பக்கத்து ஏரிக்கு என்ன உண்டு? வரத்துக்கால்வாய் அடைபட்டாலும், ஓரத்தில் மண் கொட்டினாலும், "இங்கே முன்பு என்ன இருந்தது?" என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும். தேதி போட்ட பறவைப் பட்டியல் அப்போது சாட்சி சொல்லும். பட்டியல் மண் லாரியைத் தடுத்து நிறுத்தாது என்பதும் உண்மையே. ஆனால் பட்டியலே இல்லாவிட்டால், வழக்குப் பேச வருபவர் கையில் என்ன இருக்கும்?

பறவை பார்ப்பவர்களிடமும் ஒரு குறை உண்டு. பெரும்பாலும் வேடந்தாங்கல், பள்ளிக்கரணை என்று பெயர் பெற்ற இடங்களுக்கே போகிறார்கள். ஒரகடம் பக்கத்து ஏரிக்கரையைத் தினமும் பார்ப்பவர்கள், ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் தொழிலாளர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும்தான். 15 நிமிடம் அவர்களிடம் இருக்கிறது. அடுத்த கணக்கெடுப்பு தைப்பொங்கலுக்கு.