வெற்றிடம் எனத் தோன்றும் அலைவரிசை

அமெரிக்க வீடுகளில், வாயிலைக் கண்காணிக்கும் ஒளிப்படக்கருவியின் காட்சியை வீட்டுத் தொலைக்காட்சிகள் அனைத்திலும் காண விழைவோர், அதனைப் பண்பேற்றி வழியாகக் கம்பிவடத்தில் ஏற்றுகின்றனர். அதற்கோர் அலைவரிசை, 6 மெகா எர்ட்சு அகலத்தில், ஒழிந்திருத்தல் வேண்டும். படம் தோன்றாத எண்ணெல்லாம் வெற்றிடமே எனப் பலர் கருதிவிடுகின்றனர். எத்துணைப் பெரும் பிழை! எண்ணியல் ஒளிபரப்பு வந்தபின் திரையில் தோன்றும் எண் வேறு. வடத்தில் ஓடும் அலைவெண் வேறு. வெறுமையாய்த் தோன்றுமிடத்தில் பல நிகழ்ச்சிகள் மறைந்தோடக் கூடும்.

ஆகவே வடிப்பான் வேண்டும். எவ்வடிப்பான்? ஓர் அலைவரிசையை மட்டும் அறுப்பதே போதும் என்பர் சிலர். ஆனால் அஃது ஒட்ட வெட்டுவதில்லை. இருமருங்கிலும் உள்ளவற்றையும் சேர்த்தே தேய்த்துவிடும். மேல்முனையில் தமக்கு வேண்டாத சிலவற்றை விட்டுக்கொடுத்துக் கீழலைகளை மட்டும் செலவிடும் வடிப்பானைத் தேர்ந்து, அதன் எல்லைக்கு மேல் சற்றே இடைவெளி விட்டுத் தம் காட்சியை ஏற்றுவதே அறிவுடைமை. இணையப் பெட்டிக்குரிய கிளையை வடிப்பானுக்கு முன்னரே பிரித்துவிடல் வேண்டும். இன்றேல் இணையமும் அறுபடலாம்.

செலவுக்கு அஞ்சி வடிப்பானையே தவிர்ப்போரும் உளர். தம் வாயிற்காட்சி தெருக்கம்பி வழியே பின்னோக்கிக் கசிந்து அண்டை வீட்டுத் திரைக்கும் சென்று சேரக்கூடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தனரா?