சட்டமன்ற உறுப்பினரிடம் நாம் கேட்க வேண்டியவை

 

தேர்தல் காலத்தில் நம் மஹல்லாவிற்கு வரும் வேட்பாளரை வரவேற்றுச் சால்வை அணிவிக்கிறோம். மனு ஒன்றையும் கையில் கொடுக்கிறோம். வென்ற பின்னர் அவர் சென்னைக் கோட்டையில் அமர்ந்து என்ன செய்கிறார், நம் இல்லங்களைத் தொடும் எந்தெந்த முடிவுகள் அங்கே எடுக்கப்படுகின்றன என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்து வருகிறோம்? பரிந்துரைக் கடிதம் பெறவும், திருமண அழைப்பிதழ் கொடுக்கவும் மட்டுமே அவருடைய வாசற்படி ஏறும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இதனால் இழப்பு அவருக்கன்று, நமக்கே.

நமது முன்னோர் இவ்வாறு இருக்கவில்லை. 1946 முதல் 1952 வரை சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்கள். அரசியல் நிர்ணய சபையிலும் அமர்ந்து, தமிழின் உரிமைக்காகக் குரல் கொடுத்தவர் அவர். சட்டமன்றம் என்பது நாம் எட்டி நின்று பார்க்கும் மண்டபம் அன்று என்பதற்கு அவருடைய வாழ்வே சான்று.

தமிழகச் சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர்கள் 234 பேர். 1986 ஆம் ஆண்டு மேலவை ஒழிக்கப்பட்ட பின்னர், மாநிலச் சட்டங்களை இயற்றுவது இந்த ஒரே அவைதான். அங்கே இயற்றப்பட்ட சட்டங்கள் நம் வீட்டுக்குள் எவ்வாறு வந்து நிற்கின்றன என்பதை இரண்டு எடுத்துக்காட்டுகளால் காண்போம்.

3.5 விழுக்காடும் ஒரு சான்றிதழும்

2007 ஆம் ஆண்டு, பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டிலிருந்து பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கென 3.5 விழுக்காடு தனியே பிரித்து வழங்கப்பட்டது. முதலில் அவசரச் சட்டமாக வந்து, பின்னர் சட்டமன்றத்தில் சட்டமாக நிறைவேறியது. நீதியரசர் ஜனார்த்தனம் தலைமையிலான பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் பரிந்துரை அதற்கு அடிப்படையாக இருந்தது. அதே வேளையில் கிறிஸ்தவர்களுக்கு அளிக்கப்பட்ட 3.5 விழுக்காடு, அவர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் 2008 இல் திரும்பப் பெறப்பட்டது. தனி ஒதுக்கீட்டால் தமக்குக் கிடைப்பது எவ்வளவு என்று அவர்கள் கணக்குப் பார்த்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். நாமும் அவ்வாறு ஆண்டுதோறும் கணக்குப் பார்க்கிறோமா?

அன்சார், தக்கனி முஸ்லிம், தூதேகுலா, லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), மாப்பிள்ளா, ஷேக், சையத் ஆகிய ஏழு பிரிவினர் இப்பட்டியலில் உள்ளனர். சாதிச் சான்றிதழில் உட்பிரிவு தெளிவாகக் குறிக்கப்படாமல் வெறுமனே மதத்தின் பெயர் மட்டும் இருந்தால், தகுதியிருந்தும் ஒதுக்கீடு கைக்கு எட்டாது. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற நம் வீட்டுப் பெண், கலந்தாய்வுக்கு முந்திய வாரத்தில் வட்டாட்சியர் அலுவலகத்திற்கும் இ-சேவை மையத்திற்கும் அலைவது எத்தனை வேதனை! பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே இதைச் சரிபார்ப்பது தாய் தந்தையரின் கடமை. இந்த 3.5 விழுக்காடு மாநில அரசின் கல்வி நிலையங்களுக்கும் பணிகளுக்கும் உரியது. மத்திய அரசின் பட்டியலும் சான்றிதழ்ப் படிவமும் வேறு என்பதையும் மறந்துவிடலாகாது.

சட்டமன்ற உறுப்பினரிடம் இங்கே கேட்க வேண்டியது பரிந்துரைக் கடிதம் அன்று. "இவ்வாண்டு இந்த ஒதுக்கீட்டில் எத்தனை இடங்கள் நிரம்பின? எத்தனை பணியிடங்கள் காலியாக உள்ளன? துறைவாரியாக அரசு விடை தருமா?" என்று அவையில் வினா எழுப்பச் சொல்லுங்கள். ஒரு கடிதம் ஒரு பிள்ளைக்கு உதவலாம். ஒரு வினா ஆயிரம் பிள்ளைகளுக்கு உதவும்.

நிகாஹ் தஃப்தரும் சார்பதிவாளரும்

தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 இல் இயற்றப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 24 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. எந்தச் சமயத்தாராயினும் திருமணம் நடந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் உண்டு. பள்ளிவாசல் தஃப்தரில் கையொப்பமிட்டவுடன் எல்லாம் நிறைவடைந்துவிட்டதாகக் கருதும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. கணவன் வெளிநாட்டில் இருக்க, மனைவி விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதும், கணவன் மறைந்து ஓய்வூதியத்திற்கு மனுச் செய்யும்போதும்தான் அந்தத் தாளின் அருமை தெரிகிறது. பெரும்பாலும் துன்பப்படுபவள் பெண்ணே. நிகாஹ் நடந்த அன்றே பதிவுக்குரிய விண்ணப்பத்தையும் மணமக்களிடம் கொடுத்து, நாள் குறித்து நினைவூட்டும் பொறுப்பை ஜமாஅத் ஏற்றுக்கொண்டால், அதற்குச் செலவு ஒன்றுமில்லை, பயனோ பெரிது.

தீர்மானம் வேறு, சட்டம் வேறு

வக்ஃப் திருத்த மசோதாவை எதிர்த்து 2025 மார்ச் 27 அன்று தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. நம்மவர் பலர் அன்று ஆறுதல் அடைந்தனர். ஆயினும் ஏப்ரல் முதல் வாரத்திலேயே அம்மசோதா நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றுச் சட்டமாகிவிட்டது. "நம் சட்டமன்றம் மறுத்த பின்னும் இது எப்படி வந்தது?" என்று வினவுவோருக்கு விடை இதுதான்: மாநிலச் சட்டமன்றத்தின் தீர்மானம் மக்களின் கருத்தை உரைக்கும் குரல், நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தும் ஆணை அன்று. அக்குரலுக்கு மதிப்பில்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அதனோடு வேலை முடிந்தது என்று உறங்கிவிடுவதுதான் தவறு.

இச்சட்டம் சட்டமன்ற உறுப்பினர்களையும் நேரடியாகத் தொடுகிறது. 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மாநிலச் சட்டமன்றத்தின் முஸ்லிம் உறுப்பினர்கள் தம்முள் இருவருக்கு மிகாமல் வக்ஃப் வாரியத்திற்குத் தேர்ந்தெடுத்து அனுப்பினர். புதிய திருத்தம் அத்தேர்தலை நீக்கி, மாநில அரசே நியமிக்கும் முறையைக் கொணர்ந்துள்ளது. அவ்வாறு நியமிக்கப்படும் சட்டமன்ற உறுப்பினர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அகன்றது. 2025 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த இடைக்கால ஆணை, சட்டம் முழுவதையும் நிறுத்திவைக்க மறுத்தது. எனினும் அரசு நியமிக்கும் அலுவலருக்கு அளிக்கப்பட்ட சில அதிகாரங்கள் உள்ளிட்ட பிரிவுகளை நிறுத்தி வைத்தது. மாநில வாரியத்தில் முஸ்லிமல்லாதார் மூவருக்கு மேற்படலாகாது என்றும் கூறியது.

ஆகவே நியமனம் செய்யும் மாநில அரசிடம், வாரியத்திற்குத் தகுதியும் நேர்மையும் உள்ளவர்களை அமர்த்துமாறு வற்புறுத்துவது நம் சட்டமன்ற உறுப்பினரின் பணியாகிறது. வக்ஃப் சொத்தின் ஆவணங்களைத் திரட்டி, பட்டா, புல எண், எல்லை ஆகியவற்றைச் சரிபார்த்துப் பதிவேற்றி வைப்பது முத்தவல்லியின் பணி. இதை எந்த உறுப்பினரும் நமக்காகச் செய்து தர இயலாது.

தொகுதி நிதி யாருக்கு?

தொகுதி மேம்பாட்டு நிதி 2019 ஆம் ஆண்டு இரண்டரைக் கோடியிலிருந்து 3 கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது. உறுப்பினர் பணியைப் பரிந்துரைக்கிறார். ஒப்புதலும் செலவும் மாவட்ட நிருவாகத்தின் கையில். பள்ளிவாசலுக்குள் தளம் போடவும் மினாரா எழுப்பவும் இந்நிதியைக் கேட்டுப் பெறாமல் வருந்துவோர் உண்டு. வழிபாட்டுத் தலங்களுக்கு இது உரியதன்று. எச்சமயத்தாருக்கும் அதே விதிதான். நம் தெருவின் அரசுப் பள்ளிக்கு வகுப்பறை, அங்கன்வாடிக் கட்டடம், நியாயவிலைக் கடை, குடிநீர்த் தொட்டி ஆகியவற்றைக் கேளுங்கள். அவை நமக்கும் பயன்படும், அண்டை வீட்டாருக்கும் பயன்படும். தெருவிளக்கும் சாக்கடையும் உள்ளாட்சி மன்றத்தின் பொறுப்பு. அவற்றுக்கு வார்டு உறுப்பினரை அணுகுவதே முறை.

எவ்வாறு கேட்பது?

கேள்வி நேரத்தில் அமைச்சர் எழுந்து விடையளிக்கும் வினாக்களும் உண்டு, எழுத்தில் விடை தரப்படும் வினாக்களும் உண்டு. 2022 ஜனவரியில் கேள்வி நேரத்தின் நேரலை ஒளிபரப்பும் தொடங்கிற்று. அமைச்சர் அவையில் அளித்த வாக்குறுதி நிறைவேறியதா என ஆராய அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. பொதுமக்களின் விண்ணப்பங்களை ஆராய மனுக்கள் குழு இருக்கிறது. இவ்வாயில்கள் திறந்தே கிடக்க, நாம் தட்டாமலிருப்பது முறையா?

ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு மனுப் புத்தகம் வைத்துக்கொள்ளட்டும். என்ன கோரிக்கை, எந்தத் துறை, எந்த நாளில் கொடுத்தோம், என்ன பதில் வந்தது என்பவற்றை அதில் எழுதுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டது காற்றில் போகும். தேதியிட்ட மனு கோப்பில் நிற்கும். மனு எழுதும் முன்னர் வீட்டுப் பெண்களின் கருத்தையும் கேளுங்கள்; குடிநீர் வராத நாளை அவர்களைவிட நன்கறிந்தவர் யார்? ஆண்டுக்கு ஒருமுறை உறுப்பினரை, அவர் எக்கட்சியினராயினும், அழைத்து அந்தப் புத்தகத்தை அவர்முன் விரித்து வையுங்கள். சால்வையைவிட அந்தப் புத்தகம்தான் அவரை நம் மஹல்லாவை நினைக்கச் செய்யும்.