மகன் ‘மகள்’ ஆனால் வீடு யாருக்கு?

சொந்த வீடு வாங்குகிறவர் வருஷக்கணக்கில் பணம் சேர்க்கிறார். மனைவி நகையை அடகு வைக்கிறார். வங்கியில் கடன் வாங்குகிறார். நல்ல நாள் பார்க்கிறார். ராகு காலம், எமகண்டம் பார்க்கிறார்.

பார்க்காதது ஒன்றே ஒன்று. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை!

“படிச்சுப் பார்த்தீங்களா?” என்று கேட்டால், “எழுதினவர் பார்த்திருப்பார் சார்” என்கிறார். எழுதினவரைக் கேட்டால், “நான் எழுதினதுதானே, சரியாத்தான் இருக்கும்” என்கிறார்.

கோளாறே அங்கேதான்!

தன் எழுத்தில் உள்ள தப்பு தன் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. எழுதியவருக்கு விஷயம் மனப்பாடம். கண் காகிதத்தில் ஓடும். ஆனால் மனசில் இருப்பதைத்தான் படிக்கும். அதனால்தான் கெட்டிக்கார எழுத்தரும் கோட்டை விடுகிறார்.

ஒரே எழுத்து!

சர்வே எண் 124 என்பது 142 என்று விழுந்தால், பணம் கொடுத்தது ஒரு மனைக்கு. பத்திரம் இன்னொரு மனைக்கு. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அது 2,040 என்று இடம் மாறினால் 360 சதுர அடி காகிதத்திலேயே காணாமல் போகும்.

அப்பா தன் வீட்டை “என் மகனுக்கு” என்று எழுதி வைக்க நினைக்கிறார். அது “மகளுக்கு” என்று விழுந்துவிட்டால்? மாறியது ஒரே எழுத்து. கூடப் பிறந்தவர்கள் கோர்ட்டு வாசலில் நிற்க அது போதும்!

“இப்பதான் எல்லாம் கம்ப்யூட்டர் ஆச்சே” என்பவர்கள் உண்டு. கம்ப்யூட்டருக்கு மகனும் சரியான சொல், மகளும் சரியான சொல். அது எதைத் தப்பு என்று காட்டும்? போதாததற்கு, பழைய பத்திரத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுகிற பழக்கம் வேறு. நாலு இடத்தில் மாற்றிவிட்டு ஐந்தாவது இடத்தில் பழைய ஆளையே விட்டுவிடுகிறார்கள்.

சார்பதிவாளர் பார்க்க மாட்டாரா?

பார்ப்பார். முத்திரைத் தீர்வை சரியா, வந்திருப்பது உரிய ஆள்தானா, எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொள்கிறாரா என்று பார்ப்பார். ஆனால் உங்கள் மனசில் இருந்தது மகனா, மகளா என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

பதிவுக்கு முன்னால் தப்பைக் கண்டுபிடித்தால் கவலை இல்லை. புதிதாக ஒரு தாள் அடிக்கலாம். அல்லது அடித்துத் திருத்தி, எழுதிக் கொடுப்பவர் அந்த இடத்தில் கையெழுத்துப் போடலாம். 1908-ம் ஆண்டு பதிவுச் சட்டமே அதற்கு இடம் தருகிறது.

பதிவான பிறகு தெரிந்தால்? பிழை திருத்தல் பத்திரம் போட வேண்டும். அதற்கு விற்றவர் மறுபடி வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் செத்துப் போயிருந்தால் வாரிசுகளைத் தேடி அலைய வேண்டும். “வர முடியாது” என்று அவர்கள் கையை விரித்தால் சிவில் கோர்ட்டுதான்! வக்கீல் பீஸ், வாய்தா, அலைச்சல். பத்து நிமிஷம் படிக்காததற்கு இத்தனை தண்டனை!

300 பவுன் அபராதம்!

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 1631-ல் லண்டனில் ராஜாவின் அச்சகத்தார் அடித்த பைபிளில் ஒரே ஒரு சொல் விட்டுப் போயிற்று. “கூடாது” என்று பொருள் தரும் சொல் அது. விபசாரம் கூடாது என்ற கட்டளை, விபசாரம் செய் என்று ஆகிவிட்டது! அச்சிட்டவர்களுக்கு 300 பவுன் அபராதம் விழுந்தது. ஊரும் அந்தப் புத்தகத்துக்கு ‘கெட்ட பைபிள்’ என்றே பெயர் வைத்தது.

என்ன செய்யலாம்?

பழைய அச்சகங்களில் ஒரு வழி உண்டு. ஒருவர் மூலத்தைச் சத்தம் போட்டுப் படிப்பார். இன்னொருவர் அச்சடித்த தாளில் விரலை வைத்துச் சரிபார்ப்பார். அதையே செய்யுங்கள். ஒருவர் கையில் மூலப் பத்திரமும் பட்டாவும் இருக்கட்டும். இன்னொருவர் கையில் புதுப் பத்திரம் இருக்கட்டும்.

எண்ணை “நூத்தி இருபத்தி நாலு” என்று ஓட்டாதீர்கள். “ஒண்ணு, ரெண்டு, நாலு” என்று ஒவ்வொன்றாகப் படியுங்கள். தொகை எண்ணிலும் எழுத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கிழக்கு, மேற்கு எல்லைகளை இடத்தோடு ஒப்பிடுங்கள்.

எழுதியவர் அன்றே பார்ப்பதைவிட ஒரு ராத்திரி கழித்துப் பார்ப்பது நல்லது. ஆகவே பதிவுக்கு முதல் நாளே நகல் கொடுக்கச் சொல்லுங்கள். “டோக்கன் நேரம் ஆச்சு, சீக்கிரம் போடுங்க” என்று அவசரப்படுத்தினால் மசியாதீர்கள். காசு கொடுப்பவர் நீங்கள்!

கைநாட்டு வைப்பவர்கள்?

படித்தவர் கதியே இப்படி. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்ன செய்வார்? “பாட்டி, இங்கே விரலை வைங்க” என்று பெருவிரலைப் பிடித்து உருட்டினால் கடமை முடிந்துவிட்டதா? முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவரை நம்பி வந்த சாட்சிகளும் அதைக் கேட்க வேண்டும். அப்படிப் படிக்கும்போது பாட்டிக்கும் விஷயம் புரியும், எழுதியவர் காதிலும் தப்பு விழும்.

எழுதிக் கூலி வாங்குகிறவர், எழுதியதைப் படித்துப் பார்ப்பதையும் அந்தக் கூலிக்குள்தான் சேர்க்க வேண்டும். பாதி வேலைக்கு முழுக் கூலி என்ன நியாயம்?